ஆறிய கண்ணாடி

பூட்டுக்குப் பேர் போன திண்டுக்கல்லுக்கு வெளியே, நத்தம் போகிற ரோட்டில், கொய்யாத்தோப்பாக இருந்து, பிறகு வெள்ளைக்கல் நட்ட மனைகளாகி, அதன்பிறகு வீடுகளாகிவிட்ட மரகதம் நகரில், திருடர்கள் ஒருநாளும் பூட்டைத் தொட்டதில்லை. எல்லாக் கதவிலும் கை கொள்ளாத மாங்காய்ப் பூட்டு தொங்கியது. அவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் போனார்கள். வீடுகளைக் கட்டி விற்ற பில்டர், கம்பி வைத்தால் ஜெயில் மாதிரி இருக்கும் என்று சொல்லி, ஆள் நுழையும் அகலத்துக்கு வெறும் கண்ணாடி ஜன்னல்களை வைத்துக் கொடுத்திருந்தார். பின்னால் பயந்துபோய்க் கம்பி வைத்தவர்கள் வீட்டில் கார் ஜாக்கியைக் கொடுத்துக் கம்பியை விரித்து உள்ளே போனார்கள். தெருவில் நிறுத்திய கார்களில் விடிந்து பார்த்தால் கண்ணாடி நொறுங்கி, சீட்டெல்லாம் கற்கண்டைக் கொட்டியது போலக் கிடக்கும். அந்த நகரின் பெண்கள் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து தங்கள் ஜன்னலை நினைத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். ஆண்கள் ஏறின பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து ஜன்னலைத் தள்ளிப் பார்த்துவிட்டு மறுபடி பஸ் ஏறினார்கள். சுண்ணாம்பு வாசம் போகாத வீடுகளில் பிறந்த குழந்தைகள் 'அம்மா'வுக்கு அடுத்தபடியாக 'சாத்து' என்ற சொல்லைத்தான் பேசின.

கடைசித் தெருவில் மங்களேஸ்வரி இருந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். அவள் கணவர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, வீட்டுக்குப் பால் காய்ச்சின மறு வருஷமே நெஞ்சுவலியில் போய்விட்டார். மற்றவர்கள் எங்கிருந்தோ வருகிறவனுக்குப் பயந்தபோது, மங்களேஸ்வரி தான் பெற்றவனுக்குப் பயந்தாள். மகன் திலீபன் வாடகைக் கார் ஓட்டினான், நன்றாக ஓட்டினான், பிறகு குடித்தான், பிறகு குடியோடு மாத்திரையும் போட்டான், அதன்பிறகு கார் போனது, மிக்ஸி போனது, கேஸ் சிலிண்டர் போனது, அப்பாவின் கைக்கடிகாரம் போனது. ஒவ்வொன்றும் போனபோது அவள் அழுதாள். சிலிண்டர் போன அன்று மட்டும் அழாமல், விறகு வாங்கி வந்து முற்றத்தில் கல் கூட்டிச் சமைத்து அவனுக்கும் ஒரு தட்டு எடுத்து மூடி வைத்தாள். அதன்பிறகுதான் பூட்டை மாற்றினாள்.

ஒரு மத்தியானம் அவன் வந்து கதவைத் தட்டினான்.

"அம்மா, தொற. சாப்பிட்டுப் போயிர்றேன்."

"சாப்பிட வந்தவன் மாதிரியா நிக்கிற? உன் கண்ணப் பாருடா."

"தொறம்மா. வெயிலு தாங்கல."

"தொறக்க மாட்டேன்டா. போயிரு. எங்கிட்டாவது போயி நல்லா இருந்துட்டு அப்புறம் வா."

போய்விட்டான் என்று அவள் நினைத்தபோது, செம்பருத்திக்கு வரப்பாக வைத்திருந்த செங்கலால் கூடத்து ஜன்னலை அடித்தான். உடைந்த ஓட்டைக்குள் கையை விட்டுக் கொக்கியை எடுத்தபோது, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கண்ணாடி கிழித்துவிட்டது. அவன் அதைக் கவனிக்கவேயில்லை. உள்ளே வந்து, சாமி அலமாரியில் மஞ்சள் துணியில் சுற்றி அவள் வைத்திருந்த தாலிக்கொடியை எடுத்தான். அவள் முந்தானையைக் கிழித்துக்கொண்டு அவன் கையைக் கட்ட ஓடினாள். கொடியைப் பிடுங்க வருகிறாள் என்று நினைத்து அவன் அவளைத் தள்ளிவிட்டான். போகிற வழியெல்லாம், ஜன்னல் சட்டத்திலும் மிச்சமிருந்த கண்ணாடித் துண்டுகளிலும் அவன் ரத்தம் வழிந்து கிடந்தது. அவள் கீழே விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, "கையில கட்டாமப் போறானே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு ஜமீலா ஓடிவந்து தூக்கியபோதும் அதையேதான் சொன்னாள்.

பைபாஸில் கார்களுக்கு சன் ஃபிலிம் ஒட்டும் கடை வைத்திருந்த எட்வினிடம் ஜமீலாதான் போய்ச் சொன்னாள். எட்வின் அப்போது உடையாத ஃபிலிம் என்று ஒன்றைக் கொண்டுவந்து நகரில் வீடு வீடாக ஒட்டிக்கொண்டிருந்தான். கல்லால் அடித்தால் கண்ணாடி விரிசல் விடும், ஆனால் கொட்டாது, திருடன் சலித்துப் போய்விடுவான் என்று சொன்னான். எல்லா வீட்டிலும் வேலை கிடக்கிறது, புதுக் கண்ணாடியோடு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான். அதுவரை மங்களேஸ்வரி ஓட்டையில் அட்டையை வைத்து அடைத்திருந்தாள்.

அட்டையை எடுத்து எட்டிப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாகியது, அவன் வருகிறானா என்று. அப்படிப் பார்த்த ஒரு காலையில் சட்டத்தில் ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டுகளின் கூர் மழுங்கி, ஓரத்தில், ஆறுகிற புண்ணில் போல, மெல்லிசாகப் பக்குப் படர்ந்திருந்தது. மறுநாள் பக்கு உதிர்ந்து, அதன் கீழே புதுக் கண்ணாடி, குழந்தையின் நகம் போல, தெளிவாக வளர்ந்திருந்தது. அவள் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஜமீலாவைக் கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாரேன்."

ஜமீலா பார்த்தாள். "ஆறுதுக்கா" என்றாள். "சீழ் வைக்காமப் பாத்துக்க."

மங்களேஸ்வரி மஞ்சளை உரசி, ஆறுகிற ஓரங்களில் தடவினாள். ஞாயிற்றுக்கிழமை புதுக் கண்ணாடியோடும் ஃபிலிம் சுருளோடும் வந்த எட்வின் டேப்பை வைத்து அளந்தான், மறுபடி அளந்தான். "ஓட்ட சின்னதாயிருச்சேம்மா, நான் கொண்டாந்தது பெருசால்ல இருக்கு" என்று கவலைப்பட்டான். பிறகு, இன்னும் கொஞ்ச நாள் விட்டால் தானே மூடிக்கொள்ளும், அதன்மேல் ஃபிலிம் ஒட்டினால் காற்றுப்படாமல் புழுங்கிவிடும் என்று சொல்லி, டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

கண்ணாடி மூடிக்கொண்டது. அவள் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு பகலில் எவனோ அதைக் கல்லால் அடித்தான். வந்து பார்க்கும்போது கல் கீழே கிடந்தது, கண்ணாடியில் சிலந்தி வலை போல ஒரு விரிசல் இருந்தது, சாயங்காலம் விளக்கேற்றுவதற்குள் அதுவும் கூடிவிட்டது. இப்படித்தான் நகரத்துக்கே தெரியவந்தது. மின்வாரியத்தில் என்ஜினியராக இருந்து ஓய்வுபெற்ற சவரிமுத்து சார்தான் நலச்சங்கத் தலைவர். அவர் காரின் கண்ணாடி உடைபட்ட மாதிரி வேறு யார் காரும் உடைபட்டதில்லை. அவர் கூட்டம் போட்டார். தெருவிளக்கு, நாய்த்தொல்லை, மங்களேஸ்வரி அம்மாள் வீட்டு ஜன்னல் என்று பேச வேண்டியதை வரிசையாகச் சொன்னார். நாய்த்தொல்லைக்குத்தான் நிறைய நேரம் ஆனது. ஜன்னல் விஷயத்தில், முருங்கைக் கொம்பை ஒடித்து நடுகிற மாதிரி இதையும் வெட்டி நட்டால் வருமா என்று யாரோ கேட்டார்கள், நட்டுப் பார்த்தால் தெரிகிறது என்று எட்வின் சொன்னான், மங்களேஸ்வரி தலையாட்டினாள். அவளுக்கு இல்லையென்று சொல்ல என்ன இருந்தது? ஊரார் தன் வீட்டு வாசலில் பயமில்லாமல் வந்து நின்று அப்போதுதான் அவள் பார்த்தாள். அதற்குமுன் குடிகாரன் வீடு என்று ஓரமாகத்தான் போனார்கள்.

எட்வின் வைர முனையால் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி எடுத்துப்போய், சவரிமுத்து சாரின் வெறும் சட்டத்தில் செருகினான். அது பிடித்துக்கொண்டது. அந்த வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கும், அங்கிருந்து கார்களுக்கும், காரிலிருந்து பக்கத்துத் தெருவுக்கும் போனது. வெற்றிலைக் கொடி போல ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்து, மழைக்காலம் முடிவதற்குள் மரகதம் நகரில் ஆறாத கண்ணாடி ஒன்றுகூட இல்லாமல் போனது. எட்வின் கடையில் ஃபிலிம் சுருள்கள் தூசி படிந்து நின்றன. அவன் அதற்கு வருத்தப்படவில்லை, இப்போது அவனை எல்லா வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, பேப்பர் போட்டுத் துடைப்பீர்களா, வெறும் தண்ணீரில் துடைப்பீர்களா என்று கேட்டுக்கொண்டு போனார்கள். அந்தக் கண்ணாடி எப்போதும் லேசான சூட்டோடு இருந்தது, முழங்கையைத் தொட்ட மாதிரி. மார்கழிக் குளிரில் பூனைகள் அதில் முதுகை ஒட்டிக்கொண்டு தூங்கின. காலை வெயில் அதன் வழியாக வரும்போது, டார்ச் விளக்கை உள்ளங்கையால் மூடினால் தெரியுமே, அந்தச் சிவப்பு கூடத்துச் சுவரில் விழுந்தது. அழகாக இருக்கிறது என்றார்கள். திருடர்கள் வந்தார்கள், அடித்தார்கள், கை சலித்துப் போனார்கள். மரகதம் நகரின் பெண்கள் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை ருசித்துச் சாப்பிட்டார்கள்.

திலீபனைப் பற்றி மட்டும் ஒரு தகவலும் இல்லை. மங்களேஸ்வரி காய் நறுக்கும்போது ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, இடது கையை அந்தக் கண்ணாடியில் வைத்துக்கொள்வாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. சூடு இதமாக இருந்தது.

பங்குனியில் ஒரு போன் வந்தது. வத்தலக்குண்டுக்கு அந்தப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற குடிமறப்பு இல்லத்திலிருந்து பேசினார்கள். உங்கள் மகன் இங்கே இருக்கிறான், அவனாக நடந்து வந்து சேர்ந்தான், குடியை விட்டுவிட்டான், ஆனால் உடம்புதான் தேறவில்லை, வந்து பாருங்கள் என்றார்கள். அவள் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

அவன் தாழ்வாரத்து நிழலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கண் தெளிந்திருந்தது. சின்ன வயதில் இருந்த முகம் திரும்பி வந்திருந்தது. ஆனால் அவன் காதுமடலின் வழியாக, பின்னாலிருந்த சுவரின் செங்கல் வரிசை மங்கலாகத் தெரிந்தது.

"மெலிஞ்சிட்டேனாம்மா?" என்றான்.

"லேசா" என்றாள் அவள்.

பொறுப்பிலிருந்த சிஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "எல்லா டெஸ்டும் எடுத்தாச்சும்மா. ஒரு நோயும் இல்ல. ரத்தம் ஏத்துனோம், நிக்க மாட்டேங்குது, எங்கிட்டோ போயிருது. வெயில்ல மட்டும் உக்கார வைக்காதீங்க. மத்த புள்ளைங்க பயப்படுது."

வர நேரமாகும், மாடியில் காயும் வத்தலை எடுத்து வை என்று சொல்ல, மங்களேஸ்வரி அவன் பக்கத்தில் உட்கார்ந்தே ஜமீலாவுக்குப் போன் போட்டாள். ஜமீலா தெருவில் நின்று பேசினாள், பின்னால் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற சத்தம் கேட்டது. திடுமென்று பந்து எதன்மேலோ மோதியது. பெஞ்சில் திலீபன் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"என்ன சத்தம் ஜமீலா?"

"சவரிமுத்து சார் காரு கண்ணாடிக்கா. இவனுங்க வேற. ஒண்ணும் ஆவல, இந்தா கூடிருச்சு."

"என்னடா செய்யுது?" என்று மகன் பக்கம் திரும்பினாள்.

"இப்படித்தாம்மா, அப்பப்ப யாரோ அடிக்கிற மாதிரி இருக்கு. கொஞ்சத்துல சரியாயிரும்."

அவள் போனை வைத்துவிட்டு, "அன்னைக்குக் கிழிச்சுச்சே, அந்தக் கையக் காட்டு" என்றாள். அவன் நீட்டினான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வழுவழுவென்று இருந்தது, கீறின தடமே இல்லை. "ரொம்ப நாளு ஆறவே இல்லம்மா" என்றான். "அப்புறம் ஒரு நாள் பாத்தேன், புண்ணையே காணோம்." அவள் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. அவன் சூடு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்குக் கூட்டி வந்தாள். எட்வினை வரச் சொல்லி அன்றைக்கே தன் ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றினாள். சுவரில் சாய்த்து வைத்த கண்ணாடி பொழுது சாய்வதற்குள் வெங்காயச் சருகு போலச் சுருங்கித் தூளானது. மறுநாள் திலீபனின் ஒரு கைவிரல் நகங்களில் நிறம் வந்திருந்தது. அவள் நலச்சங்கக் கூட்டத்துக்குப் போனாள்.

"என் மவன்தான் உங்க ஜன்னல்ல எல்லாம் இருக்கான்" என்றாள். "கழட்டிக் குடுத்துருங்க. உடைக்க வேணாம், உடைச்சா அவனுக்குத்தான் வலிக்கும். சட்டத்தோட கழட்டிருங்க. நான் வேணா வீட்டுக்கு வீடு வந்து ஒத்தாச பண்றேன்."

அவளை நம்பாதவர் ஒருவரும் இல்லை. பைத்தியம் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள்; எல்லாரும் ஆமாம் என்று தலையசைத்தார்கள், அதான் கண்ணாடி சூடாக இருக்கிறதா என்றார்கள், பாவம் என்றார்கள், அதன்பிறகு தரையைப் பார்த்தார்கள்.

சவரிமுத்து சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, நீங்க கேக்கறது நியாயம். ஆனா கழட்டுனா மறுநாளே வந்து நிப்பானுங்களே. எம் மருமக நிறைமாசமா இருக்கு. எதிர்வீட்டுல வயசுப்புள்ளைங்க இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா பாப்போமே."

"கொஞ்சம் கொஞ்சமா அவன் போயிட்டிருக்கான் சார்."

யாரோ பின்னால் இருந்து, எல்லாருக்கும் கேட்கும்படியாகத்தான், "திருடுன பய தெருவுக்குக் காவலா இருக்கான், இருக்கட்டுமே" என்றார்கள். சவரிமுத்து சார் அந்தப் பக்கம் திரும்பி அதட்டினார். பிறகு தீர்மானம் எழுதினார்கள்: இனிமேல் தெருவில் கிரிக்கெட் கிடையாது; கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடக் கூடாது; துடைக்கும்போது அழுத்தித் துடைக்கக் கூடாது; தம்பி திலீபனுக்கு ரத்தம் ஊற, வீட்டுக்கு வீடு முறைவைத்துச் சாப்பாடு கொடுக்க வேண்டும்.

சொன்னதைச் செய்தார்கள். காலையில் பேரீச்சம்பழம் வந்தது, மத்தியானம் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் மிளகு போட்டு வறுத்து வந்தது, சாயங்காலம் பீட்ரூட் சாறு வந்தது. கொண்டுவருகிற பெண்கள் வாசலில் செருப்பை விட்டு உள்ளே வந்து, "சாப்பிடுய்யா, நல்லாச் சாப்பிடு" என்று அவன் தலையைத் தடவிவிட்டு, அவன் வாங்கி விழுங்குகிற கவளம் தொண்டையில் இறங்குவது தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவன் எல்லாவற்றையும் சாப்பிட்டான். எல்லாம் அவனிலிருந்து ஜன்னல்களுக்குப் போனது. அந்த மாதம் கண்ணாடிகள் இன்னும் பளபளப்பாக இருந்தன.

ஜமீலா மட்டும் தன் வீட்டு ஜன்னல்களைக் கழற்றினாள். அவள் கணவர் குவைத்தில் இருந்தார், வீட்டில் அவளும் இரண்டு மகள்களும்தான். கழற்றிய இடத்தைச் செங்கல் வைத்துப் பூசச் சொன்னாள். கொத்தனார் வருவதற்குள் திருடர்கள் வந்துவிட்டார்கள். மகள்களின் தோடும், மூத்தவளின் லேப்டாப்பும் போனது. அதைப் பார்த்த பிறகு, கழற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பேரும் யோசிப்பதை விட்டுவிட்டார்கள்.

"உனக்கு நான் இதச் செஞ்சிருக்கக் கூடாது ஜமீலா" என்று மங்களேஸ்வரி அழுதாள்.

"நீ என்னா செஞ்ச? நாந்தான கழட்டுனேன். தோடு வாங்கிக்கலாம்க்கா." பிறகு மெல்ல, "வீடு இருட்டா இருக்கு. அது ஒண்ணுதான். பழகிரும்" என்றாள்.

திலீபன் அம்மாவிடம் சொன்னான். "நீ போயி கேக்காதம்மா. சவரிமுத்து சார் கார்ல எடுத்ததெல்லாம் நான்தான். அந்த முதல் தெரு வீட்டுல பித்தளப் பானை எடுத்தது நான்தான். எனக்குக் கேக்க வாயில்ல."

"எனக்கு இருக்கு" என்று அவள் மறுபடி மறுபடி போனாள். ஒவ்வொரு வீட்டிலும் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார்கள்.

சித்திரை வெயிலில் அவன் எழுந்து நடப்பதை நிறுத்தினான். வெளிச்சத்தில் அவனைப் பார்க்க முடியாது என்பதால், ஜன்னல் இருந்த ஓட்டையில் போர்வையைத் தொங்கவிட்டு, இருட்டில் அவனைப் படுக்கவைத்திருந்தாள். அந்தச் சமயத்தில்தான் சவரிமுத்து சாரின் மருமகள் பிள்ளை பெற்றாள். நேர்ந்துகொண்டபடி குடும்பத்தோடு எல்லாரும் வேளாங்கண்ணிக்குக் கிளம்பினார்கள். சார் நேரில் வரவில்லை. அவர் மனைவி ரெஜினா வந்து, மாடியில் இருக்கும் மல்லிகைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டுச் சாவியைக் கொடுத்தார். "உங்ககிட்ட குடுத்தாத்தான் அவருக்கு நிம்மதியா இருக்குமாம்" என்றார். மங்களேஸ்வரி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் உச்சி வெயில். தெருவில் காக்கை கூட இல்லை. அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது, திலீபன் பாயிலிருந்து தூக்கிவாரிப் போட்டது போல எழும்பி விழுந்தான். மறுபடி. மறுபடி. மூச்சு விடுவதற்குள் மறுபடி. இதற்கு முன் வந்த அடிகள் ஒன்று, இரண்டு என்று நின்றுவிடும், இது நிற்கவில்லை. அவன் கத்தவில்லை. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அடிவாங்குகிறவன் போலவே தலையைக் கைக்குள் புதைத்துக்கொண்டான். அவள் அவன் விரல்களைப் பிரித்துவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். சத்தம் வருகிற பக்கம் ஓடினாள்.

சவரிமுத்து சார் வீட்டுக் கொல்லையில் இரண்டு பேர் சம்மட்டியோடு நின்றார்கள். ஒருவன் அடித்தான், கண்ணாடி பிளந்தது, கையை விடுவதற்குள் பிளந்த இடம் கூடியது, அடுத்தவன் அடித்தான். வீட்டில் ஆளில்லை என்று தெரிந்து வந்தவர்கள், அவசரமே இல்லாமல், ஆள் மாற்றி ஆள் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் கண்ணாடி முழுக்கச் சிவந்து வெளுத்தது.

"ஏப்பா, அடிக்காதீங்க" என்றாள்.

இருவரில் பெரியவன் சம்மட்டியை அவள் பக்கம் ஓங்கினான்.

"கத்த மாட்டேன். இந்தா, சாவி இருக்கு." அவள் இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள். "முன்னால வாங்க. கதவத் தொறந்து விடுறேன், அதுவழியாப் போங்க."

"நீ யாரு, வீட்டுக்காரியா?"

"இல்ல. நீங்க அடிக்கிறது எம் மகனுக்கு வலிக்குது."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் முன்னால் நடந்தாள், அவர்கள் பின்னால் வந்தார்கள். மாங்காய்ப் பூட்டைத் திறந்து, தாழ்ப்பாளை நீக்கி, கதவை அகலத் திறந்து விலகி நின்றாள். இளையவன் என்ன நினைத்தானோ, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனான். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. அவள் வாசற்படியில் நின்று, தன் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மூட்டையோடு வெளியே வந்த பெரியவன், "போலீசுக்குச் சொல்லுவியா?" என்று கேட்டான்.

"போங்கப்பா" என்றாள்.

அவள் பூட்டிவிட்டு ஓடி வந்தபோது திலீபன் மல்லாந்து கிடந்தான். இருட்டில்கூட அவன் அடியிலிருந்த கோரைப்பாயின் வரிகள் தெரிந்தன.

"நின்னுருச்சும்மா" என்றான்.

"நின்னுருச்சுய்யா."

"யாரு நிறுத்துனா?"

"நாந்தான். சவரிமுத்து சார் வீட்டுக் கதவத் தொறந்து விட்டுட்டேன். எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

அவன் அவளையே பார்த்தான். பிறகு சிரித்தான். வருஷக்கணக்காக அவள் கேட்காத சிரிப்பு. "நீயாம்மா?" என்றான். "திருடனுக்கா?" அவளுக்கும் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. கஞ்சியை எடுத்து ஊட்டினாள். இரண்டு வாய் குடித்தான். வலிக்கவில்லை என்றான். அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு, கார் ஓட்டிய காலத்தில் மூணாறு மலைப்பாதையில் பனி இறங்கி ஒன்றுமே தெரியாமல் வண்டியை ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு காலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லச் சொல்ல அவன் தலையின் கனம் அவள் மடியில் குறைந்துகொண்டே வந்தது. பள்ளிவாசலில் அந்திப் பாங்கு சொல்லும்போது அவன் பேச்சு நின்றது.

அந்த நேரத்தில் மரகதம் நகரில் கண்ணாடியில் முதுகை ஒட்டிப் படுத்திருந்த பூனைகள் எழுந்து அந்தாண்டை போயின. ஜன்னல் திரையை இழுத்துவிட வந்த பெண்கள் கையை வெடுக்கென்று எடுத்தார்கள். அடுத்த ஜன்னலைத் தொட்டார்கள், அதுவும் அப்படித்தான் இருந்தது. காரில் ஏறினவர்கள் இறங்கினார்கள். ஆறிப்போச்சு, ஆறிப்போச்சு என்று வீட்டுக்கு வீடு குரல் கேட்டது. யாரும் யாருக்கும் சொல்லாமலே எல்லாரும் கடைசித் தெருவுக்கு நடந்தார்கள்.

அவனைக் குளிப்பாட்டியபோது தண்ணீருக்குள் தண்ணீர் போல இருந்தான். வேட்டியைச் சுற்றி, நெற்றியில் சந்தனத்தை அப்பி, மாலையைப் போட்ட பிறகுதான் அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தது. தூக்கினவர்கள், வெறும் பூவைத் தூக்குகிற மாதிரி இருந்தது என்று பிறகும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மங்களேஸ்வரி யாரையும் ஏசவில்லை. ஜமீலாவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

சவரிமுத்து சார் வீட்டிலிருந்து மூட்டையோடு இரண்டு பேர் இறங்கிப் போனதை மொட்டைமாடியில் துணி காயப்போட்ட யாரோ பார்த்துப் போலீசுக்குச் சொல்லியிருந்தார்கள். ஏட்டு வந்து சுற்றிப் பார்த்தார். பூட்டு உடையவில்லை, ஜன்னல் உடையவில்லை. சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, வீட்டுக்காரர் வந்ததும் இன்ஸ்பெக்டர் வருவார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

காடாற்றின அன்று காலையில் சார் வந்து சேர்ந்தார். விஷயம் எல்லாம் வழியிலேயே போனில் கேட்டிருந்தார். வண்டியை விட்டு இறங்கினதும், மங்களேஸ்வரி ஈரத்தலையோடு அவர் வாசலுக்கு வந்து நின்றாள். நகரமே பின்னால் வந்து நின்றது.

"நான்தான் சார் உள்ள விட்டேன்" என்றாள். "சம்மட்டியால அடிச்சாங்க. அவனால தாங்க முடியல. உங்க பொருளுக்கு நான் என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. போலீசு வந்தா நானே சொல்லிர்றேன்."

ரெஜினா குழந்தையை மார்பில் அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றார். இன்ஸ்பெக்டர் ஜீப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பிவிட்டது, முதல் தெரு முனையில் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். சார் சட்டென்று கொல்லைப்பக்கம் போனார், கூட்டமும் பின்னாலேயே போனது. அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது, முட்டி வலி உண்டு. குனிந்து, துணி துவைக்கிற கல்லுக்கு முட்டுக்கொடுத்திருந்த கருங்கல்லைப் பெயர்த்து, இரண்டு கையாலும் மார்புவரை தூக்கி, தன் வீட்டு ஜன்னல்மேல் போட்டார். நின்றிருந்த அத்தனை பேரும் பழக்கத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள். கண்ணாடி உடைந்து வீட்டுக்குள் கொட்டியது. சார் மூச்சு வாங்கிக்கொண்டு, சட்டத்தில் கையை வைத்து நின்றார். ஒருவரும் அசையவில்லை, ஓரத்தில் ஒட்டியிருந்த துண்டுகளையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவை கூர்கூராக நின்றன. காற்று உள்ளே போய் ஏதோ ஒரு காலண்டரைப் படபடவென்று அடித்தது.

இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார்.

"ஜன்னல் வழியாத்தான் வந்திருக்காங்க சார்" என்றார் சவரிமுத்து.

இன்ஸ்பெக்டர் உள்ளே எட்டிப் பார்த்தார், வெளியே பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், ஈரத்தலையோடு நிற்கிற பெண்ணைப் பார்த்தார். சட்டத்தின் ஓரத்தை விரலால் தொட்டுவிட்டு, "இது உங்க ஊரு கண்ணாடிதான? கூடிருமின்னாங்களே?" என்று கேட்டார்.

"இனிமே கூடாது சார்" என்றார் அவர். "எழுதிக்கங்க."